நாணயமும் அதன் எதிர்ச் சொற்களும்
(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கிராமத்தில் ஒருவரைக் குறித்து "அவர் நாணயஸ்தர்" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. அந்த நாணயம் என்னும் சொல்லே ரூபாய்க்கும் காசுக்கும் பெயராக இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு வியாபாரிக்கு நாணயம் உண்டென்றால், கையில் பணமில்லாமல் போனாலும் மண்டிக்காரர் அவருக்குச் சரக்குக் கொடுப்பார் என்று பொருள். ஆகவே காசு, கடன் பெறும் யோக்கியதை, மனத்தின் நேர்மை ஆகிய மூன்றும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. நாணம் என்னும் வெட்கத்திலிருந்து இச்சொல் பிறந்ததென்று சொன்னால் கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையன்று. காசு என்று பொருள்படும் நாணகம் என்னும் வடசொல்லிலிருந்து வந்தது அது. நாணயத்தைப் பற்றிய பேச்சைப் பொய்யில் தொடங்கலாகாது.

காசின் பெயர் குணத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. முற்காலத்தில் ஒரு வெள்ளி ரூபாயைக் கையில் வாங்கியவர் அதைக் கல்லில் தட்டியோ விரலால் சுண்டியோ ஓசையைக் கேட்ட பிறகே மடியில் முடிந்துகொள்வார். மேலே பொறித்திருப்பதும் உள்ளே இருக்கும் உலோகமும் ஒன்றாயிருந்தால் அது செல்லும் காசு. இல்லாவிட்டால் செல்லாக் காசு. மனிதனையும் ஜனங்கள் அப்படியே சுண்டிப் பார்த்தார்கள்.

1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி அக்காலத்து ராஜதானியில் கிராம சங்கங்கள் ஏற்பட்டபோது அவற்றுக்கு ஐக்கிய நாணய சங்கம் என்றே பெயர் வழங்கிற்று. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் அவ்வருஷத்திலேயே ஒரு சங்கம் பதிவாயிற்று. அதற்கு முன்பு, 1895-லும் 1897-லும், ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸன் இரண்டு பாகங்களாக வெளியிட்ட அறிக்கைதான் அவ்வேலைக்கு வழி காட்டிற்று. அக்காலத்துக் கிராம சங்கங்களில் பெரும்பாலும் அளவற்ற ஜவாப்தாரி இருந்தது. அதாவது ஒருவன் கடனைச் செலுத்தத் தவறினால் மற்றவர்களுடைய நிலமும் வீடும் அதற்கு ஈடு. ஈடு வைக்க ஒன்றுமில்லாத ஏழைக் குடியானவனுக்குச் சங்கம் கடன் கொடுத்தது அவனுடைய நாணயத்தின் மேல்தான். பிற்காலத்தில் ஐக்கியம் கூட்டுறவு ஆயிற்று. நாணய சங்கம் கடன் சங்கம் ஆயிற்று. புதுப் பெயர் தெளிவான பெயரே. ஆயினும் பழைய பெயர் அடகு இன்னதென்று சொல்லிற்று. புதிய பெயர் வாங்குவது இன்னதென்று மட்டும் சொல்கிறது.

இனி எதிர்ச் சொற்களுக்கு வருவோர், அவை எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் கை விரல்கள் போதா. களவு, திருட்டு, வஞ்சனை, கபடம், சூது, மோசடி, புரட்டு, பித்தலாட்டம், தில்லுமுல்லு, கையாடல், கைக்கூலி, லஞ்சம், பரிதானம், துரோகம், ஊழல்! நேர்மை என்பது நேர் என்பதிலிருந்து வந்தது. நேராகப் போகும் வரப்பு ஒன்றே. கோணலாகப் போவதற்குக் கணக்கில்லை.

ஆனால் மேலே சொன்ன சொற்களால் சங்கங்களுக்கு விளையும் கேடு குறைவு. ஏனென்றால் "இன்று மோசடி செய்யப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு எவரும் சங்கத்துப் பெட்டியைத் திறப்பதில்லை. கேடு உள்ளே நுழைவது வேறு சொற்களைப் போர்த்திக்கொண்டு. அவை மெத்தென்ற சொற்கள். வீட்டில் குழந்தைகள் முன்பாகவும் சொல்லக்கூடியவை. அவற்றில் சிலவற்றை விரித்துப் பார்ப்பதே இந்தப் பிரசங்கத்தின் நோக்கம்.

முதலாவது கைமாற்று. நாற்பது அங்கத்தினர் உள்ள ஒரு பழைய கிராம சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பொக்கிஷதார் நல்ல குடியானவர்; ஊரில் மதிப்புள்ளவர். மாசி மாதத்தில் தவணைப் பணம் ரூ. 180 வசூலாகிறது. மறுநாளே ஜில்லா பாங்கியில் கட்ட வேண்டிய பணம் அது. சந்தையில் அவருக்கு ஓர் உழவு மாடு அமைகிறது, கையில் ரூ. 60 குறைகிறது. சங்கப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். வைக்கோல் விற்ற பணம் வந்ததும், முப்பது நாளில், ஒரு பைசா குறையாமல் திருப்பி வைத்துவிடுகிறார். பஞ்சாயத்தாருக்கு விஷயம் தெரிகிறது. "பாவம், கைமாற்றாக எடுத்தார், வைத்துவிட்டார்" என்று பேச்சு முடிகிறது. குறிப்புப் புஸ்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறு வருஷம் காரியதரிசி ரூ. 100 எடுக்கிறார், அவரும் அதையே சொல்கிறார், அவரும் திருப்பி வைக்கிறார், சற்றுத் தாமதமாக. மூன்றாம் வருஷம் இருவருமே எடுத்திருக்கிறார்கள், மழை பொய்த்துவிட்டது. அந்தச் சமயத்தில், கறவைப் பசுவை விற்ற ரூ. 45-ஐச் சங்கத்தில் போட்டு வைத்திருந்த ஒரு விதவை, மகள் கலியாணத்துக்காகப் பணம் கேட்டு வருகிறாள். பெட்டியில் இருப்பது ரூ. 11.

அப்போது பஞ்சாயத்தார் கூடி "மோசடி! மோசடி!" என்கிறார்கள். மூன்றாம் வருஷத்தில் நடந்த காரியத்துக்கும் முதல் வருஷத்தில் நடந்த காரியத்துக்கும் என்ன வித்தியாசம்? மழை ஒன்றுதான் வித்தியாசம். கைமாற்று என்பது கொடுப்பவனும் வாங்குபவனும் அறிந்து, ஒருவன் கை மற்றவன் கைக்கு மாற்றுவது. கொடுப்பவனே இல்லாத இடத்தில் மாற்றுதல் எங்கே வந்தது? தன் கையே தன் கைக்குக் கொடுத்துக்கொண்டதற்குத் தமிழில் பெயர் கையாடல். சட்டமும் அப்படியே சொல்லிற்று. 1860-ஆம் வருஷத்து இந்தியப் பீனல் கோடின் 403-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு: பிறர் பொருளை நாணயமின்றிச் சிறிது காலத்துக்கு மட்டும் தன்னதாக்கிக்கொண்டாலும் அது கையாடலே என்பது. அந்தக் கோடுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையின் 314-ஆம் பிரிவிலும் அந்த விளக்கம் மாறாமல் இருக்கிறது. திருப்பி வைத்தது தண்டனையைக் குறைக்க உதவலாம். செய்த காரியத்தின் பெயரை அது மாற்றாது.

இரண்டாவது புரட்டு. இது வேடிக்கையான சொல். "எப்படியாவது பணம் புரட்டிக் கட்டிவிட்டேன்" என்று குடியானவன் சொன்னால் அதில் குற்றமில்லை. பல இடங்களில் முயன்று பணம் சேர்த்தான் என்பதே பொருள். "அவன் புரட்டன்" என்றாலோ பொருள் வேறாகிவிடுகிறது. சங்கத்துக் கணக்கில் இவ்விரண்டு பொருளும் ஒன்றாகச் சேரும் நாள் ஒன்றுண்டு. அதுதான் வருஷக் கணக்கு முடிக்கும் நாள். அங்கத்தினர் ஒருவருக்கு ரூ. 200 கடன் கெடு தாண்டிக் கிடக்கிறது. கணக்கு முடியும் நாளில் அந்த ரூ. 200 வசூலானதாக நாள்வழியில் வரவு எழுதுகிறார்கள். மறுநாள் அவருக்கே புதிதாக ரூ. 200 கடன் கொடுத்ததாகச் செலவு எழுதுகிறார்கள். பணம் எங்கும் போகவுமில்லை, வரவுமில்லை. பேனாதான் போய் வந்தது. ஜாப்தாவில் பாக்கி இல்லை. சங்கம் நன்றாக நடப்பதாகப் பெயர். இதற்குக் "கணக்கைச் சரிக்கட்டுதல்" என்று மரியாதையான பெயரும் வைத்திருக்கிறார்கள். இந்தத் தந்திரம் இன்று நேற்று உண்டானதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஏட்டிலிருந்து மைசூர் ஷாமசாஸ்திரியார் 1909-ஆம் வருஷம் அச்சிட்ட கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தில், உத்தியோகஸ்தர்கள் அரசன் பொருளைக் கவரும் நாற்பது வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வராததை வந்ததாக எழுதுவதும், வந்ததை வராததாக எழுதுவதும், முன்னே வந்ததைப் பின்னே எழுதுவதும் அவற்றில் சேர்ந்தவை. அதைப் படிப்பவருக்கு ஏதோ ஒரு சங்கத்தின் தணிக்கைக் குறிப்பைப் படிப்பது போலவே தோன்றும்.

மூன்றாவது பினாமி. பெயர் இல்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல் இது. ஒரு பஞ்சாயத்தார் தமக்குரிய வரம்பு வரையில் கடன் வாங்கிவிட்டார், இன்னும் வேண்டியிருக்கிறது. தம் பண்ணையாளை அங்கத்தினனாகச் சேர்த்து அவன் பெயரில் கடன் எழுதிப் பணத்தைத் தாம் வாங்கிக்கொள்கிறார். அந்த ஆள் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். "ஒரு ஒத்தாசைதானே" என்பது இதற்குச் சொல்லும் பெயர். பல வருஷம் சென்ற பிறகு நோட்டீஸ் வரும்போது அதில் இருக்கும் பெயர் அவனுடையது. ஜப்திக்கு வருகிறவர்கள் தேடும் வீடும் அவன் குடிசைதான். பெயர் இல்லாத கடன் என்பது பொய். அனுபவித்தவனுடைய பெயர்தான் அதில் இல்லை. அனுபவிக்காதவன் பெயர் முழுமையாக இருக்கிறது.

மாமூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; எல்லாருக்கும் பழக்கமானது. வழக்கமாய் நடப்பது என்பதே அந்த அரபிச் சொல்லின் பொருள். அதில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு சௌகரியமாக இருக்கிறது. லஞ்சம் கேட்க நாக்குக் கூசும். மாமூல் கேட்கக் கூசாது. கடன் மனுவை முன்னே எடுத்து வைப்பதற்குக் குமாஸ்தாவுக்குக் கொடுப்பது ஒரு மாமூல். தணிக்கைக்கு வரும் இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடும் இளநீரும் வாங்கிச் சங்கத்தின் சில்லறைச் செலவில் எழுதுவதும் மாமூலே. பின்னதை உபசாரம் என்று சிலர் வாதிப்பார்கள். உபசாரம் செய்ய விரும்புவோர் தம் வீட்டு அரிசியில் செய்யட்டும். அதையும் தணிக்கை முடியும் வரையில் செய்யாமலிருப்பது மேல்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சத்துரு ஒன்றுண்டு. அதை எவரும் குற்றங்களின் வரிசையில் எண்ணுவதில்லை. அதன் பெயர் தாட்சண்யம்.

தாட்சண்யம் நல்ல குணந்தான். முகம் பார்த்துப் பேசுகிறவனிடத்தில் கடுமையாக "இல்லை" என்று சொல்ல மனம் வராதது மனிதத் தன்மையேயன்றித் தோஷமன்று. தன் வீட்டுக் குதிரிலிருந்து இரண்டு மரக்கால் நெல் கொடுக்கும்போது அது தர்மம். பிறருடைய பணத்துக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதே குணம் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. சம்பந்தி கடன் கேட்கிறார், அவருக்குத் திருப்பிக் கட்டும் சக்தி இல்லையென்று பஞ்சாயத்தார் ஐவருக்கும் தெரியும், ஐவரும் கையெழுத்திடுகிறார்கள். மைத்துனனுடைய கெடு தாண்டிப் போயிற்று. நோட்டீஸ் அனுப்பினால் தங்கை வீட்டில் கண்ணீர். ஆகையால் அனுப்புவதில்லை. இவர்களில் ஒருவரும் ஒரு காசும் தொடவில்லை. இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் நாணயமின்மைக்குச் சட்டம் சொன்ன இலக்கணத்தைக் கவனித்தால் தூக்கம் கலையும். ஒருவருக்கு நியாயமற்ற லாபத்தையோ, மற்றொருவருக்கு நியாயமற்ற நஷ்டத்தையோ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்வது எதுவோ அதுவே நாணயமற்ற செய்கை. லாபம் தனக்கே வரவேண்டுமென்று அதில் சொல்லவில்லை. தெரிந்தே செய்த தாட்சண்யத்தில் லாபம் மைத்துனனுக்கு. நஷ்டம் பசுவை விற்றுப் பணம் போட்ட அம்மாளுக்கு. அவள் முகமும் பார்க்கத்தக்க முகமே. சங்கக் கூட்டத்தில் அது கண்ணுக்கு எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

தாட்சண்யத்தின் இந்த இயல்பைப் பழைய காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். செங்கற்பட்டுச் சீமையில் உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனுடைய 12-ஆவது, 14-ஆவது ஆட்சி வருஷங்களில், அதாவது கி. பி. 919, 921-ல் வெட்டிய இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் கண்டிருக்கின்றன. வாரியத்தில் இருப்பதற்கு வேண்டிய யோக்கியதைகளில் அர்த்த சௌசம், ஆத்ம சௌசம் என்று இரண்டு சொற்கள் வருகின்றன. பொருள் விஷயத்தில் சுத்தம், மனத்தில் சுத்தம் என்பது அவற்றின் கருத்து. நாணயத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது. அதற்கு எதிராக அவர்கள் வைத்த குற்றம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எவரோ அவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. திருடினார் என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும். அதோடும் விடவில்லை. அவருடைய தகப்பன், மகன், சகோதரன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவினரையும் வரிசையாகச் சொல்லி அவர்களுக்கும் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். எந்தெந்த உறவுகளில் தாட்சண்யம் பிறக்குமோ அந்த உறவுகளின் ஜாப்தாதான் அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்து, அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமென்றும் விதித்தார்கள். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சபை பிராமணர்களுக்கே உரியது. நிலமும் வேதப் படிப்பும் கேட்டது. அவை இக்காலத்துக்குப் பொருந்தாதவை, தள்ளத்தக்கவை. கணக்குக் காட்டும் விதியும் விரித்த விரலும் எந்தக் காலத்துக்கும் உதவும்.

ஊழல் என்னும் சொல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அதிகமாக அடிபடுகிறது. அகராதியைப் புரட்டினால் அதற்குப் பதனழிந்தது, அழுகிப்போனது என்றே பழைய பொருள். திருட்டு என்பது வெளியிலிருந்து ஒருவன் வந்து எடுத்துப்போவது. ஊழல் அப்படியல்ல, நல்ல பண்டமாகவே இருந்தது ஈரத்தில் கிடந்து உள்ளிருந்தே கெடுவது. பரணில் குவித்த சேனைக்கிழங்கில் ஒன்று அழுகினால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதும் அழுகும். மேலே நின்று பார்ப்பவனுக்குக் குவியல் அப்படியேதான் இருக்கும்; நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். மேற்சொன்ன சங்கத்தில் முதல் வருஷத்து ரூ. 60 அந்த முதற் கிழங்கு. ஆகையால் சங்கத்தின் கேட்டுக்குக் களவு என்பதைக் காட்டிலும் ஊழல் என்பதே பொருத்தமான பெயர்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அதுவும் ஒருவகைப் புரட்டாகும். கடுஞ்சொற்களை வாரி இறைக்கும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. பேரேட்டில் ரூ. 3 கூட்டல் தவறினால் "குமாஸ்தா திருடன்" என்று தெருவெங்கும் பேச்சு. உண்மையில் அது பிழை. ரசீது அடிக்கட்டையைக் காணவில்லையென்றால் அது அசட்டை. அதை விசாரிக்க வேண்டும், ஆனால் விசாரிக்கு முன்பே மோசடி என்று பெயரிடலாகாது. கட்சி காரணமாகப் பழைய பிரசிடெண்டின் மேல் கையாடல் குற்றம் சாட்டி, ஒன்றும் ருசுவாகாமல், நல்ல மனிதர்கள் சங்கத்துப் பக்கமே திரும்பாதபடி செய்த கிராமங்களும் உண்டு. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, சங்கத்தின் நஷ்டத்தைப் பொறுப்பாளியிடமிருந்து வசூலிக்க வழி செய்கிறது. அங்கே பணத்தைக் கையாடியது வேறு, நம்பிக்கை மோசம் வேறு, வேண்டுமென்றே செய்த அசட்டை வேறு என்று தனித்தனியாகவே பேசப்பட்டிருக்கிறது. ஊரார் நாக்கிலும் அந்த வேற்றுமை இருக்க வேண்டும். பிழையைத் திருட்டென்பவன், திருட்டைக் கைமாற்று என்பவனுக்கு அண்ணன்.

பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது அங்கத்தினர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமல்ல. கையிருப்பு எவ்வளவு என்று ஜாப்தாவில் கண்டிருக்கிறதோ அவ்வளவையும் மேஜை மேல் எண்ணி வைக்கச் சொல்லலாம். தம் பாஸ் புஸ்தகத்தைக் கொண்டுவந்து பேரேட்டோடு ஒத்துப் பார்க்கலாம். படிக்கத் தெரியாதவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்து வரலாம். புதிய கடன்களின் ஜாப்தாவை வாசிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் உரியவரை எழுந்து நின்று, "இந்தப் பணத்தை நானே வாங்கினேன்" என்று சொல்லச் செய்யலாம். பினாமிக் கடன் அந்த இடத்தில் வாய் திறக்காது. தவறு ஒன்று கண்டால் அதற்குரிய பெயரைக் குறிப்புப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லலாம். எழுத்தில் வராத பெயர் மறு வருஷத்துக்குள் மெத்தென்ற சொல்லாக மாறிவிடும்.

அந்த நாற்பது அங்கத்தினர் சங்கத்தில் முதல் வருஷத்தில் எழுதியிருக்க வேண்டியது இரண்டு வரிதான்: "பொக்கிஷதார் சங்கப் பணம் ரூ. 60-ஐச் சொந்தச் செலவுக்கு எடுத்து முப்பது நாள் வைத்திருந்தது கையாடலாகும். அதற்கு வட்டி வசூலிக்கப்பட்டது. பெட்டிச் சாவி இன்று முதல் வேறொருவர் வசம் ஒப்புவிக்கப்பட்டது." அவ்வாறு எழுதியிருந்தால் அவர் சில நாள் தெருவில் தலை குனிந்து நடந்திருப்பார்; உழவு மாடு அவர் கொட்டகையிலேயே நின்றிருக்கும். மறு வருஷம் காரியதரிசி பெட்டியைத் தொடுமுன் அந்தப் பக்கத்தை நினைத்திருப்பார். மூன்றாம் வருஷம் மழை பொய்த்தபோதும், அந்த அம்மாள் ரூ. 45-ஐயும் வட்டியையும் எண்ணி வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.